பேனுக்கு நெடில்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ரெக்கார்டு அக்கா. கீழ்த்தளத்தில், தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய்கள் ஓடும் நீளமான அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். தரையிலிருந்து கூரைவரை இரும்பு அடுக்குகளில் ஃபைல்கள். ஒரு நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவருடைய ஃபைல் அவளிடம் இறங்கி வரும். டாக்டர் எழுதியதைப் படிக்க வேண்டும். இன்ன நோய் என்று பிடிக்க வேண்டும். அதற்குரிய பெயரையும் எண்ணையும் கம்ப்யூட்டரில் தேடிப் போட்டு, சுத்தமான தாளாக அச்சடித்து அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே வேலை. எப்பேர்ப்பட்ட கிறுக்கலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தாங்கள் எழுதியது என்னவென்று தங்களுக்கே புரியாமல் டாக்டர்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து, அவள் மேஜை முன்னால் அசட்டுச் சிரிப்போடு நின்றதும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிடித்த பாடம் இலக்கணம். வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விடும்போது இவள் மட்டும் சொற்கள் எங்கே ஒடிகின்றன, எங்கே ஒட்டுகின்றன என்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மேலே படித்து மொழி ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. அப்பா படுக்கையில் விழுந்ததும் ஆசையை மடித்து வைத்துவிட்டு, கிடைத்த முதல் வேலைக்கு வந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. நோய்களின் நீளநீளமான பெயர்களை உடைத்துப் பார்ப்பதிலேயே அவளுக்குப் பொழுது போயிற்று.

வீட்டில் கணவரும் இரட்டைப் பெண்களும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெண்கள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அவர்களுடைய பள்ளி நாட்களில் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள் பேன் சீப்போடுதான் கழிந்தன. ஒருத்தி தலையைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் இன்னொருத்தி பக்கத்து வீட்டுத் தோழியோடு தலையை ஒட்டி உட்கார்ந்து புதுக் குடித்தனம் கொண்டுவந்துவிடுவாள். பேன் எங்கே மேயும், ஈர் எங்கே ஒட்டும் என்பதெல்லாம் அக்காவுக்குக் கரதலப் பாடம். இரண்டு காதுகளுக்கும் பின்னால்தான் அவற்றின் தலைநகரம்.

இந்த ஞானம்தான் அவளை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கவிழ்த்தது.

அன்றைக்கு மேஜையில் நாற்பதுக்கு மேல் ஃபைல்கள். அதில் ஒன்று துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருடையது. மூன்று வாரத்துக்கு முன்னால் கிரேன் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்கு மேலே முதுகெலும்பு முறிந்து, கம்பியும் ஆணியும் வைத்துத் தைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஊர்க்கோடியில் இருக்கும் மறுவாழ்வு விடுதிக்கு அவர் போக வேண்டும். அங்கே ஆறு வாரம் தங்கி நடக்கப் பழக வேண்டும். ஃபைலை எழுதியவர் எலும்பு டாக்டர். ஓய்வு பெற இரண்டு வருடமே பாக்கியிருந்த அந்த மனிதருக்கு லத்தீன் என்றால் உயிர். மற்றவர்கள் விட்டுவிட்ட பழைய பெயர்களை அவர் மட்டும் விடாமல் எழுதுவார்.

முதல் வரியில் இடுப்பு முள்ளெலும்பு முறிவு என்று தெளிவாக இருந்தது. அக்கா எண்ணைப் போட்டாள். இரண்டாவது வரியில், ‘பெடிகுலி, இரண்டு பக்கமும்’ என்று இருந்தது. கம்ப்யூட்டரில் முதல் ஆறேழு எழுத்தைத் தட்டினாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் வந்து நின்றது: தலைப்பேன் தொற்று. பாவம், முதுகும் முறிந்து பேனும் பிடித்திருக்கிறதே என்று நினைத்தாள். இரண்டு பக்கமும் என்று எழுதியிருந்தது அவளுக்கு ஒரு விநாடி உறுத்தத்தான் செய்தது. காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் என்று அவளே பொருள் சொல்லிக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த ஃபைலை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. ஒரு பெண் குரல். கிரேன்காரரின் மனைவி என்று சொன்னாள். விடுதி வாசலில் ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரமாக நிற்கிறதாம். உள்ளே விட மாட்டேன் என்கிறார்களாம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் இடம், பேன் உள்ளவரைச் சேர்க்க விதி இல்லை, மருந்து போட்டு இரண்டு நாள் கழித்துச் சான்றிதழோடு வாருங்கள் என்கிறார்களாம். அவரை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, வீடு மூன்றாவது மாடி. இதையெல்லாம் அந்தப் பெண் அழாமல்தான் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“அம்மா, எங்க வீட்டுக்காரருக்குத் தலையில ஒத்த முடி கிடையாது. இருபத்தஞ்சு வயசுலயே எல்லாம் கொட்டிப் போச்சு. பேன் எங்கம்மா உட்காரும்?”

அக்கா போனைக் காதில் வைத்தபடியே ஃபைலை இழுத்தாள். முதல் பக்கத்தில் அவருடைய புகைப்படம். வழுக்கையென்றால் அப்படியொரு வழுக்கை. போட்டோ எடுத்த விளக்கே அதில் தெரிந்தது. அவள் அதைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆம்புலன்ஸை அங்கேயே நிறுத்தி வைக்கும்படி சொல்லிவிட்டு, ஃபைலோடு படியேறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடி.

எலும்பு டாக்டர் அறுவை அறைக்குப் போகக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும், முழங்கைவரை நுரையோடு திரும்பிப் பார்த்தார். பெடிகுலுஸ் என்றால் முள்ளெலும்பின் காம்பு என்றார். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்பக்கக் கட்டையையும் பின்பக்க வளைவையும் இணைக்கும் குட்டைக் காம்பு, இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டும் உடைந்ததால்தான் இரண்டு பக்கமும் என்று எழுதினேன் என்றார்.

“பேனுக்கும் அதே பேர்தானே சார்?”

“அதேதான். சின்னக் கால்னு அர்த்தம். காம்பும் சின்னக் கால் மாதிரி, பேனுக்கும் சின்னச் சின்னக் கால். அவ்வளவுதான்.”

அவர் உள்ளே போய்விட்டார். அக்கா கீழே ஓடி, பட்டியலில் இல்லாத பெயரைக் கையால் தட்டிப் புதுத் தாளை அச்சடித்து, முத்திரை குத்தி, வாடகை வண்டி பிடித்துத் தானே விடுதிக்குக் கிளம்பினாள். இருபத்தாறு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் முறை.

விடுதி வாசலில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. கிரேன்காரர் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தார். ஆள் நல்ல ஆஜானுபாகு. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். தாளை உள்ளே காட்டி, மேலாளரிடம் பேசி, கையெழுத்து வாங்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்து, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். கிரேன்காரர் கூரையைப் பார்த்தபடியே சிரித்தார்.

“பேன் வந்திருக்குன்னு சொன்னதும் எனக்குச் சந்தோஷம்தாங்க. பின்னாலயே முடியும் வரும்னு நினைச்சேன்.”

மனைவி அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்பினாள்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. ஆஸ்பத்திரியின் தலைவி பெரிய டாக்டரம்மாவின் கையெழுத்து. கவனக்குறைவால் நோயாளிக்கு இடையூறு ஏற்படுத்தியது ஏன் என்று மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்க வேண்டும். கூட வேலை செய்த பெண்கள், பணிச்சுமை என்று ஒரு வரி எழுதிக் கொடு, அத்தோடு முடிந்தது என்றார்கள். அவளும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தாள். ஆனால் பேனா நகரவில்லை. டாக்டர் சொன்ன சின்னக் கால் செருப்புக்குள் போன கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. பேனுக்கு ஆறு கால். எறும்புக்கும் ஆறு கால், ஈக்கும் ஆறு கால். அவற்றுக்கெல்லாம் இல்லாத பெயர் பேனுக்கு மட்டும் ஏன்?

மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். அங்கே நூலகர் ஒரு அம்மா. யார் வாய் திறந்தாலும் உஷ் என்பதால் உஷ் மேடம் என்று பெயர். லத்தீன் அகராதி இருக்கிறதா என்று கேட்டதும் உஷ் மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இருந்தது. அட்டை பிய்ந்த புத்தகங்களுக்குப் பசை தடவி, அவை ஒட்டும்வரை அந்த அகராதியைத்தான் மேலே தூக்கி வைத்திருந்தார்கள். அம்மிக்கல் கனம். இரண்டு பேருமாகத் தூக்கி ஜன்னலோர மேஜையில் வைத்தார்கள்.

அக்கா சுட்டுவிரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனாள். பெடிகுலுஸ் வந்தது. காலிலிருந்து பிறந்த சொல், சின்னக் கால், இலைக்காம்பு, பழக்காம்பு. சரி, டாக்டர் சொன்னதுதான். அடுத்த வரிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே மறுபடியும் அதே சொல். அதே எழுத்துகள். ஆனால் தனிச் சொல்லாக, தனி எண் போட்டு. பொருள்: பேன்.

அதே சொல் ஏன் இரண்டு தடவை? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கும்படி குனிந்து பார்த்தாள். முதல் சொல்லின் இரண்டாம் எழுத்துக்கு மேலே பிறைபோல ஒரு குறி. இரண்டாம் சொல்லில் அதே இடத்தில் ஒரு நேர்கோடு. முகவுரையைப் புரட்டினாள். பிறை என்றால் குறுக்கிச் சொல்ல வேண்டும். கோடு என்றால் நீட்டிச் சொல்ல வேண்டும்.

“குறில், நெடில்” என்றாள் சத்தமாக.

“உஷ்” என்றார் உஷ் மேடம்.

காம்பு பெடிகுலுஸ். பேன் பேடிகுலுஸ். ஒன்று குறில், ஒன்று நெடில். லத்தீன்காரர்கள் பேசும்போது இரண்டும் காதில் வேறுவேறாகத்தான் விழுந்திருக்கும். எழுதும்போது அந்தப் பிறையும் கோடும் போடுகிற வழக்கம் இல்லை. அதனால் தாளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கொம்பின் மேல்சுழியை மறந்துவிட்டு எழுதினால் கொடி எது, கோடி எது? தமிழிலும் ஒரு காலத்தில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பைத்தான் பெரும்பாலும் இழுத்தார்கள் என்று பள்ளியில் படித்தது முப்பது வருடம் கழித்து அவள் மண்டைக்குள் எழுந்து உட்கார்ந்தது. பசி மறந்துபோயிற்று. மணி இரண்டாகிவிட்டதை உஷ் மேடம் வந்து தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் அங்கேதான். சாப்பாட்டு வேளை முழுக்க அந்த ஜன்னலோரம். பேடிகுலுஸ் என்பதே முழுப் பேன் அல்ல, அது குட்டிப் பெயர் என்று கண்டுபிடித்தாள். பேனின் அசல் பெயர் பேடிஸ். அதோடு செல்லமாகச் சுருக்கும் விகுதி ஒன்று சேர்ந்து பேடிகுலுஸ் ஆகியிருக்கிறது. பேனை யாராவது கொஞ்சுவார்களா என்று யோசித்தாள். கொஞ்சல் இல்லை, அது இருக்கிற அளவே அத்தனூண்டு என்பதால் அப்படி அழைத்திருப்பார்கள் என்று தேற்றிக்கொண்டாள். நாளடைவில் குட்டிப் பெயரே ஒட்டிக்கொண்டு அசல் பெயர் அருகிப்போயிற்று. வீட்டில் குட்டி குட்டி என்று கூப்பிட்டே ஆறடி ஆள் கடைசிவரை குட்டியாகவே நின்றுபோவது அவளுக்குத் தெரியும். அவள் சித்தப்பா ஒருவர் அப்படித்தான்.

பேடிஸை எழுவாயாக வைத்தாலும் பேடிஸ்தான். பேனுடைய என்று ஆறாம் வேற்றுமையில் சொன்னாலும் அதே பேடிஸ்தான். பன்மையில் பேடேஸ். அதைக் கோடில்லாமல் எழுதினால் கால்கள் என்றும் படிக்கலாம், பேன்கள் என்றும் படிக்கலாம், போதாக்குறைக்குக் காலாட்படை வீரன் என்றும் படிக்கலாம். ஆண்பாலாகவும் வரலாம், பெண்பாலாகவும் வரலாம் என்று ஒரு குறிப்பு. அன்று இரவுச் சாப்பாட்டில் இதை அவிழ்த்தபோது கணவருக்கு அந்தக் கடைசிச் சங்கதிதான் பிடித்தது. பேனுக்குப் போய் ஆண்பால் பெண்பால் பார்த்திருக்கிறார்களே என்று சிரித்தார். பெண்கள் இருவரும் தட்டோடு எழுந்து, சாப்பிடும்போது பேனா என்று வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அக்கா விடவில்லை. பேனை விளிப்பதற்குக்கூட லத்தீனில் வேற்றுமை இருக்கிறதென்று, நடுக்கூடத்தில் நின்று “பேடிகுலே” என்று கூப்பிட்டுக் காட்டினாள். நாம் பேனே என்று ஏ போட்டுக் கூப்பிட்டால் அவர்கள் எகரம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவள் இத்தனை பேசி அவர் கேட்டதில்லை.

“உனக்கு மெமோ குடுத்திருக்காங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்க. அதுக்குத்தான் பதில் எழுதறேன்.”

பதில் நான்கு பக்கம் வந்தது. முதல் பத்தியில் தவறு தன்னுடையது என்று எழுதினாள். மீதி மூன்றே முக்கால் பக்கமும் இலக்கணம்.

வெள்ளிக்கிழமை அவளை மேலே அழைத்தார்கள். பெரிய டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால் அந்த நான்கு பக்கத்தையும் விசிறிபோல விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் எலும்பு டாக்டர். அக்காவுக்குத் துணையாக உஷ் மேடம் வந்திருந்தார். அகராதியை வெளியே தர விதி இல்லை, ஆனால் அது எங்கே போனாலும் கூடவே நூலகர் போகலாம் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்து, புத்தகங்கள் ஏற்றும் தள்ளுவண்டியில் அதை உருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இது விளக்கமா, பாடப்புத்தகமா என்று பெரிய டாக்டரம்மா கேட்டார். எலும்பு டாக்டர் கொஞ்சம் கோபமாகவே இருந்தார். தவறு நடந்தது நடந்தது, அதற்காகத் தன் லத்தீனில் குற்றம் கண்டுபிடிப்பது என்ன நியாயம் என்றார். முப்பது வருடமாக மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன், இரண்டும் காலிலிருந்து வந்த ஒரே சொல்தான் என்றார். அக்கா அகராதியைத் திறந்து பிறையையும் கோட்டையும் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, பிடி கிடைத்தவர்போல நிமிர்ந்தார்.

“காலுக்கு லத்தீன்ல என்ன தெரியுமா? பேஸ். நெடில்தான். உங்க பேனும் நெடில். அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?”

உஷ் மேடம் அக்காவின் முகத்தைப் பார்த்தார். இந்தக் கேள்வி அக்கா எழுதிய நான்கு பக்கத்தில் இல்லை. இரண்டு நாளும் அவள் பேனின் பின்னாலேயே ஓடினாளே தவிர, காலைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலை நக்கிக்கொண்டு பக்கங்களைத் தள்ளினாள். கால், எழுவாய்: பேஸ். மேலே கோடு இருந்தது. டாக்டர் சொன்னது சரிதான். அடுத்து, காலினுடைய: பெடிஸ். மேலே பிறை. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“சார், தான்னு சொல்றோம். தன்னுடையன்னு சொல்லும்போது குறுகிடுது இல்ல? நாம், நம்முடைய. அதுவும் அப்படித்தான். எழுவாயா நிக்கும்போது நீளும். வேற்றுமை வந்து ஒட்டினா குறுகிடும். கால் அந்த ஜாதி, சார். பேஸ், பெடிஸ். பேன் அப்படி இல்லை. எந்த வேற்றுமை வந்தாலும் அது நெடில்தான். சின்னக் கால்ங்கிற சொல் குறுகின காலோட சேருது. பேன் தனி.”

எலும்பு டாக்டர் அகராதியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேனுக்குப் போனார், காலுக்குப் போனார், மறுபடி பேனுக்கு வந்தார். உதடு மட்டும் தான், தன், நாம், நம் என்று அசைந்தது. பெரிய டாக்டரம்மாவும் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அப்புறம் கேள்வி அவரிடமிருந்தே வந்தது. பேன் காலிலிருந்து வரவில்லையென்றால் எங்கிருந்துதான் வந்தது?

அதைத்தான் அக்கா புதன்கிழமை கடைசிக் கால் மணியில் இன்னொரு புத்தகத்தில் படித்திருந்தாள். சொற்களின் பிறப்பைச் சொல்லும் ஒல்லியான புத்தகம். உறுதியாகச் சொல்ல முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அது ஆரம்பித்தது. பேடிஸ் என்பதன் நடுவே ரொம்பப் பழைய காலத்தில் ஸகரம்போல ஓர் ஒலி இருந்திருக்கலாம். அது தேய்ந்து விழுந்தபோது, விழுந்த இடத்தை நிரப்ப முன்னால் இருந்த குறில் நீண்டிருக்கலாம். பழைய ஈரானிய மொழி ஒன்றில் பூச்சிக்கு இருந்த ஒரு சொல்லில் அந்த ஒலி இன்னமும் விழாமல் இருக்கிறது, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம். படித்தபோது அவளுக்கு உடனே பட்டது பெயர்தான். பெயர், நடுவில் யகரம் விழுந்தால் பேர். செய்தி, சேதி. நாம் தினமும் வாயால் செய்கிற காரியத்தையே அவர்களும் செய்திருக்கிறார்கள்.

அதே புத்தகத்தில் இன்னொரு கருத்தும் இருந்தது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, உஷ் மேடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். வயிற்றுக் காற்றை வெளியேற்றுவதற்கு லத்தீனில் இருக்கும் வினைச்சொல்லும் இதே நெடிலோடுதான் தொடங்குகிறது. இரண்டும் உறவு என்று சிலர் சொல்கிறார்கள், இல்லவே இல்லை என்று சிலர் மறுக்கிறார்கள். பெரிய டாக்டரம்மா இரண்டு விநாடி முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். மூன்றாவது விநாடியில் சிரிப்பு பீறிட்டது. எலும்பு டாக்டரும் சிரித்துவிட்டார். சிரித்தவர்களை உஷ் என்று அடக்காமல் உஷ் மேடமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை அந்தக் கல்லூரியில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் அக்கா தானாகவே ஆரம்பித்தாள். சிரித்ததில் விஷயம் கரைந்துபோக வேண்டாம் என்றாள்.

“மேடம், ரெண்டு பக்கமும்னு பார்த்தப்பவே எனக்கு உறுத்துச்சு. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா அவர் ஆம்புலன்ஸ்ல அப்படிக் கிடந்திருக்க மாட்டார். அது என் தப்புதான்.”

பெரிய டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். எச்சரிக்கை என்று ஒரு வரி அவளுடைய பணிப்பதிவேட்டில் ஏறியது. அக்கா கையெழுத்துப் போட்டாள். கூடவே இரண்டு உத்தரவுகள் வந்தன. நோயாளியோடு போகும் தாளில் இனிமேல் யாரும் லத்தீன் எழுதக் கூடாது. கம்ப்யூட்டர் பட்டியலில் முள்ளெலும்புக் காம்பையும் சேர்க்க வேண்டும், அதைச் சேர்த்துச் சரிபார்க்கும் பொறுப்பு ரெக்கார்டு அறைக்கு. எலும்பு டாக்டருக்கு முதல் உத்தரவு கசந்தது. வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று, அடுத்த வகுப்பில் மாணவர்களிடம் திருத்திச் சொல்லிவிடுகிறேன் என்று அவளிடம் முணுமுணுத்தார். சொன்னபடி சொல்லியும்விட்டார். தான், தன் என்று கரும்பலகையில் எழுதி, இது ரெக்கார்டு அறையிலிருந்து வந்த பாடம் என்றாராம்.

மாணவர்கள் அவளுக்குப் பேனக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிடும்போது நெடிலைச் சரியாகச் சொல்கிறார்களா என்று மட்டும் கவனித்தாள்.

கிரேன்காரர் ஆறு வாரம் என்பது ஒன்பது வாரமாகி விடுதியிலிருந்து வெளியே வந்தார். மறுபரிசோதனைக்கு வந்த அன்று ஒரு கைத்தடியோடு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கீழ்த்தளத்துக்கே நடந்து வந்துவிட்டார். கிரேனில் இனி ஏற முடியாதாம், கீழே நின்று சைகை காட்டும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். உயரத்திலிருந்து கடலைப் பார்க்க முடியாததுதான் ஒரே குறை என்றார். அக்கா அவர்கள் இருவரையும் உட்கார வைத்து, காம்பையும் பேனையும் ஒரு தாளில் எழுதி, பிறையும் கோடும் போட்டுக் காட்டினாள். கிரேன்காரர் தாளை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இந்தக் கோடுதான் என்னை இரண்டரை மணி நேரம் வாசலில் படுக்கப் போட்டதா என்று கேட்டார். கோடு இல்லாததுதான் என்று அக்கா திருத்தினாள். மனைவி அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதமே அக்கா உஷ் மேடத்திடம் ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டாள். ஐம்பதை நெருங்கும் வயதில், சாப்பாட்டு வேளையில் முப்பது நிமிடம் லத்தீன் இலக்கணம். கழித்துப் போட்ட ஃபைல் அட்டைகளின் பின்பக்கமெல்லாம் வேற்றுமைப் பட்டியல்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்று, வீட்டுச் சமையலறைக் கதவில் ஒன்று. கணவர் தேநீர் கலக்கும்போது அதைச் சும்மா பார்த்துப் பார்த்து, இரண்டாம் வரிசைவரை தன்னையறியாமல் மனப்பாடம் செய்திருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு அவள் எலும்பு டாக்டரின் அறைக்குப் போன் போட்டாள். ஈருக்கு லத்தீனில் என்ன என்று தெரியுமா என்றாள். தெரியாது என்றார். லேன்ஸ் என்றாள். அவர், அது பருப்பின் பெயர் அல்லவா, பருப்பு வடிவத்தில் இருப்பதால்தானே கண்ணாடி வில்லைக்கே லென்ஸ் என்று பெயர் வந்தது என்றார். ஆமாம் சார், இரண்டும் எழுவாயில் ஒன்றுதான், ஆறாம் வேற்றுமையைப் பாருங்கள் என்றாள். ஈருடைய என்றால் லெண்டிஸ். பருப்புடைய என்றால் லெந்திஸ்.

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“இருங்கம்மா, நானே கீழ வர்றேன். அந்தப் பக்கத்தைத் திறந்து வைங்க.”

அகராதி நூலகத்தில் இருக்கிறது, அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா அறையைப் பூட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.